செடியா, உலையா, ஈஸ்ட்டா: ஒரு மணத்தை எங்கிருந்து வாங்குவது?

சோப்போ பானமோ மெழுகுவத்தியோ, எதற்கு மணம் சேர்க்க வேண்டுமென்றாலும் முன்பு இரண்டு பேரிடம்தான் போக முடிந்தது. செடியிலிருந்து எண்ணெய் வடிப்பவர் ஒருவர், ரசாயன உலையில் மூலக்கூறைக் கட்டித் தருபவர் இன்னொருவர். முதலாமவரின் சரக்குக்கு மதிப்பு உண்டு, விலையும் உண்டு, புயல் அடித்தால் சரக்கே இருக்காது. இரண்டாமவரிடம் எப்போதும் கிடைக்கும், மலிவு, ஆனால் அதை 'இயற்கை' என்று எழுத முடியாது. இப்போது மூன்றாவதாக ஒருவர் கடை விரித்திருக்கிறார். செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள்ளோ பாக்டீரியாவுக்குள்ளோ ஏற்றி, சர்க்கரையைத் தீனியாகப் போட்டு, செடி செய்யும் அதே மூலக்கூறை நொதிகலனில் செய்து தருகிறார்.

இதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பாதி விளம்பரம், மீதி பயமுறுத்தல். வாங்குகிறவருக்கு இரண்டாலும் பயனில்லை. இந்த மணத்துக்கு ஈஸ்ட் அருமையான விடை, அந்த மணத்துக்கு அதே ஈஸ்ட் வீண்செலவு என்றுதான் உண்மை நிலவரம் இருக்கிறது. எது எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் மூலக்கூறே சொல்லிவிடுகிறது. அதனால் விற்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன் மூலக்கூறைப் பார்ப்போம்.

தனி ஆளா, கூட்டமா?

முதல் கேள்வி இதுதான். நீங்கள் தேடும் மணத்தை ஓரிரு மூலக்கூறுகள் சுமக்கின்றனவா, ஒரு கூட்டமே சேர்ந்து சுமக்கிறதா?

சந்தன எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆல்ஃபா சாந்தலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாந்தலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரநிலையே சொல்கிறது. இந்த இரண்டையும் சரியான விகிதத்தில் செய்துவிட்டால் சந்தனத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. ஒரு நுண்ணுயிருக்குக் கொடுக்கக்கூடிய வேலை இது.

வெட்டிவேர் நேர் எதிர். (உலகத்துக்கே 'வெட்டிவர்' என்ற பெயர் தமிழிலிருந்துதான் போனது.) அந்த எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. அதிக அளவில் இருக்கும் கூசிமால் போன்றவை அந்த மணத்துக்குக் காரணமல்ல. துளியளவே இருக்கும் சில கீட்டோன்கள்தான் நமக்கு 'வெட்டிவேர்' என்று உணர்த்துகின்றன. ரோஜாவும் இப்படித்தான். 1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் இதழ்கள் தேவை என்பதால், ஈஸ்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணெயில் 300க்கு மேல் சேர்மங்கள்; அவற்றில் 1 சதவீதம்கூட இல்லாத பீட்டா டமாஸ்செனோன் பெரும்பங்கு மணத்தைத் தூக்கிப்பிடிக்கிறது. ரோஜாவில் உள்ள ஃபீனைல் எத்தனால் வேண்டுமா, சாதாரண ஈஸ்ட்டே ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானாகச் செய்து தரும், மரபணுத் திருத்தம்கூட வேண்டாம். முழு ரோஜா வேண்டுமென்றால் செடியிடம்தான் போக வேண்டும். கூட்டத்தை ஒவ்வோர் ஆளாகச் செய்து பிறகு சேர்ப்பது கணக்குக்குக் கட்டாது.

கூட்டமே மணம் என்னும் இடத்தில் மேலே படிக்கத் தேவையில்லை. நல்ல எண்ணெய் வடிப்பவரைத் தேடுங்கள். தனி ஆள் என்றால்தான் போட்டியே தொடங்குகிறது.

வனிலின்: ஒரே மூலக்கூறு, நான்கு வாசல்

எல்லா வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வனிலினைப் போல் வசதியான பொருள் வேறில்லை. இதற்கு நான்கு வழிகளும் இன்று வணிகத்தில் இருக்கின்றன.

பதப்படுத்திய வனிலாக் காயில் வனிலின் ஏறத்தாழ 2 சதவீதம். 1 கிலோ பதக்காய்க்கு 5 முதல் 6 கிலோ பச்சைக்காய் தேவை. ஆக, 1 கிலோ வனிலினுக்கு 50 கிலோ பதக்காய், அதாவது 250 முதல் 300 கிலோ பச்சைக்காய். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பூவைக் கையால் மகரந்தம் சேர்த்தாக வேண்டும். அந்த உத்தியை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மோன் ஆல்பியுஸ், 12 வயது அடிமைச் சிறுவன். இன்றும் அதே கைவேலைதான். பயிரின் பெரும்பங்கு மடகாஸ்கரில் இருப்பதால், 2017இல் ஈனாவோ புயல் அடித்ததும் உலக விலை எகிறி, 2018இல் கிலோ 600 டாலர் வரை போனது. அதாவது அப்போதைய வெள்ளி விலையைவிட அதிகம். உலகில் பயன்படும் வனிலினில் 1 சதவீதம்கூடக் காயிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது வாசல், உலை. 1874இல் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரத்தின் கோனிஃபெரினிலிருந்து வனிலின் செய்தார்கள். இப்போது பெரும்பகுதி குவையகாலிலிருந்து, அதாவது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. நார்வேயின் போரெகார்ட் நிறுவனம் மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினை மரக்கூழிலிருந்து பிரித்து, அதிலிருந்து எடுக்கிறது. மலிவு என்ற ஒரே அளவுகோல் போதுமென்றால் பேச்சு இங்கேயே முடிந்தது. வேறு எவராலும் இந்த விலையைத் தொட முடியாது.

மூன்றாவது வாசலைப் பலர் கவனிப்பதில்லை. அரிசித் தவிட்டு எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் பொருளிலிருந்து ஃபெருலிக் அமிலம் கிடைக்கிறது. அமைக்கொலட்டாப்சிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தில் இரண்டு கார்பன்களைக் கத்தரித்து வனிலினாக்கிவிடும், லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல். செடியின் பொருள், நுண்ணுயிரின் ஒரே ஒரு வெட்டு, அவ்வளவுதான். அந்தப் பாக்டீரியாவுக்கு மரபணுத் திருத்தம் கட்டாயமும் இல்லை.

நான்காவதுதான் நம் கதாநாயகன்: வெறும் சர்க்கரையிலிருந்து வனிலின் வரை எல்லாப் படிகளையும் ஈஸ்ட்டே செய்வது. 2009இல் இது முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்டபோது கிடைத்தது லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம். இடைஞ்சல் எங்கே என்று பார்த்தால் சுவையான விஷயம் கிடைக்கிறது. வனிலின் ஈஸ்ட்டுக்கு நஞ்சு. சேரச் சேர ஈஸ்ட் தளர்கிறது; தப்பித்துக்கொள்ள அதை வனிலைல் ஆல்கஹாலாக மாற்றியும் விடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் வனிலாச் செடியிடமே தீர்வைக் கடன் வாங்கினார்கள். பச்சைக்காய் மணப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? செடி வனிலினை ஒரு சர்க்கரையோடு கட்டிப் பூட்டி வைக்கிறது. பதப்படுத்தும்போதுதான் பூட்டு திறக்கிறது. ஈஸ்ட்டுக்குள்ளும் அதே பூட்டைப் போட்டார்கள், நஞ்சு அடங்கியது. எவோல்வா என்ற சுவிஸ் நிறுவனமும் ஐஎஃப்எஃப் என்ற அமெரிக்க நறுமண நிறுவனமும் இந்த வகை வனிலினை 2014இல் சந்தைக்குக் கொண்டுவந்தன.

இந்த நான்கில் எது? காயின் முழுச் சுவையும் பெயரும் வேண்டுமென்றால் காய். விலைதான் முக்கியம் என்றால் குவையகால். 'இயற்கை' என்று எழுத வேண்டும், ஆனால் காய் கட்டுப்படியாகாது என்றால் நான் ஃபெருலிக் அமிலத்தைத்தான் எடுப்பேன், சர்க்கரை ஈஸ்ட்டை அல்ல. ஃபெருலிக் அமில வழியில் படி குறைவு, செறிவு அதிகம், மரபணுக் கேள்வியையும் தவிர்க்க முடிகிறது. மரபணு திருத்திய ஈஸ்ட்டுக்கு விளம்பர முகமாக வனிலினை வைத்தது, வியாபார ரீதியில் தவறான தேர்வு என்றே எனக்குப் படுகிறது. மரபணுத் திருத்தத்துக்கு எதிர்ப்பும் அங்கேதான் மூண்டது. ஈஸ்ட் நன்றாக வெல்லும் இடம் வேறு.

15 கார்பன்களின் வீடு

அந்த இடம் செஸ்குவிடெர்ப்பீன்கள் எனப்படும், 15 கார்பன்களால் ஆன கூடு கொண்ட மூலக்கூறுக் குடும்பம். சந்தனம், பச்சோலி, பம்ப்ளிமாஸ் வகைப் பழமணம் தரும் நூட்கடோன் எல்லாம் இந்தக் குடும்பம். திமிங்கலத்தின் குடலில் உருவாகும் ஆம்பர்கிரிஸின் மணம் தரும் ஆம்ப்ராக்ஸைடு ஓர் உறவுமுறை. ஏன் இவை மட்டும்?

ஒன்று, ஈஸ்ட் தன் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் செய்ய எப்போதும் ஃபார்னசில் பைரோபாஸ்பேட் என்ற 15 கார்பன் பொருளைச் செய்துகொண்டே இருக்கிறது. சாலை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. செடியின் ஒரு நொதியைக் கொண்டுவந்து ஒரு கிளைச்சாலை வெட்டினால் போதும். இரண்டு, இந்தக் கூடுகள் வளையத்துக்குள் வளையமாக, இடம்வலம் பார்த்துக் கட்டப்பட்டவை. உலையில் கட்டினால் படிகள் ஏராளம், கிடைப்பது இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களும் கலந்த கலவை. மூக்கோ இந்த விஷயத்தில் கறார்: ஒரே கார்வோன், ஒரு கைவாகில் புதினாவாகவும் மறு கைவாகில் சீமைச் சோம்பாகவும் மணக்கும். நொதி ஒரே கைவாகில் மட்டுமே செய்யும். மூன்று, இவை எண்ணெய்ப் பசையானவை. கலனில் தனிப் படலமாக மிதந்து ஈஸ்ட்டை விட்டு விலகி நிற்கும், அதனால் நஞ்சாவதும் குறைவு.

எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, இந்தக் குடும்பத்தின் எளிய உறுப்பினரான ஃபார்னசீன் சாட்சி. அமைரிஸ் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட அளவு லிட்டருக்கு 130 கிராமுக்கு மேல். வனிலினின் மில்லிகிராம்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனாலும் சர்க்கரைக் கணக்கை ஒருமுறை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஃபார்னசீன் மூலக்கூறுக்கு ஈஸ்ட்டின் வழக்கமான பாதையில் இரண்டு கார்பன் கொண்ட 9 அசிட்டைல் துண்டுகள் வேண்டும். ஒரு குளுக்கோஸிலிருந்து 2 துண்டுகள்தான் வரும், மீதிக் கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும். 4.5 குளுக்கோஸின் மூலக்கூறு எடை 810, ஃபார்னசீனின் எடை 204. அதாவது எதுவும் வீணாகாமல், ஈஸ்ட் வளரவே செய்யாமல் இருந்தாலும் 1 கிலோவுக்குச் சுமார் 4 கிலோ சர்க்கரை. பாதையையே மாற்றி வெட்டி இதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள் என்றாலும், 'நிலமே வேண்டாம்' என்பது அந்தக் கரும்பு எங்கோ வளர்கிறது என்பதை மறந்த பேச்சு. குறைந்த நிலம் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

பச்சோலிக்கு வருவோம். (பச்சிலை என்பதே இப்படித் திரிந்தது என்பார்கள்.) ஃபிர்மெனிக் என்ற சுவிஸ் நறுமண நிறுவனம், அமைரிஸின் ஈஸ்ட்டைக் கொண்டு 2014இல் கிளியர்வுட் என்ற பெயரில் பச்சோலி வகை மணத்தைக் கொண்டுவந்தது. இதில் எனக்குப் பிடித்தது அந்த நொதியின் ஒழுங்கின்மை. பச்சோலால் செய்யும் நொதி பச்சோலாலை மட்டும் செய்வதில்லை, கூடவே ஒரு டஜனுக்கு மேல் உடன்பிறப்புகளையும் செய்கிறது. அதனால் ஒரே நொதியிலிருந்தே ஒரு சிறு கூட்டம் கிடைக்கிறது. தனி மூலக்கூறின் வறட்சி இல்லை. இலையிலிருந்து வடித்த எண்ணெயில் வரும் மண்வாடையும் கற்பூர நெடியும் இதில் குறைவு, இரும்புக் கலத்தில் வடித்ததால் வரும் கருமையும் இல்லை. வெளிர்நிறச் சோப்புக்கு இது வரம். அந்த மண்வாடைக்காகவே பச்சோலியைத் தேடுபவருக்கு ஏமாற்றம். இதை இலை எண்ணெயின் மாற்றாகக் கருதி வாங்காதீர்கள், வேறொரு பொருளாகக் கருதி வாங்குங்கள்.

ஆம்ப்ராக்ஸைடில் போட்டி இன்னும் நெருக்கம். திமிங்கலத்தின் ஆம்பர்கிரிஸை வாசனைத் தொழிலில் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. கிளாரி சேஜ் என்ற செடியின் பூக்களிலிருந்து ஸ்க்லாரியால் என்ற பொருளை எடுத்து வேதிமுறையில் மாற்றுவது நெடுநாள் வழக்கம். அந்த ஸ்க்லாரியாலையே ஈஸ்ட் செய்வது ஒரு மாற்று. ஜிவோடான் என்ற சுவிஸ் நறுமண நிறுவனம் எடுத்த வழி வேறு: கரும்புச் சர்க்கரையிலிருந்து வந்த ஃபார்னசீனை ஹோமோஃபார்னசாலாக்கி, கடைசி வளைய மூடலை ஒரு நொதியிடம் விடுவது. மூன்றிலும் கடைசியில் கிடைப்பது ஒரே படிகம். இங்கே மணத்தைப் பற்றி வாதாடப் பெரிதாக ஒன்றுமில்லை. விலை, தூய்மை, எத்தனை பேரிடம் கிடைக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

சந்தனத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. மரத்தில் வைரம் பாய 15 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வெட்டினால் வேரோடு போகும். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் பட்டியலில் அந்த மரம் அழிவாய்ப்புள்ள இனம். உலையில் சாந்தலாலைச் சிக்கனமாகச் செய்யும் வழி இல்லை. 2020இல் ஐசோபயோனிக்ஸ் என்ற நிறுவனம் நுண்ணுயிர் சாந்தலாலை வெளியிட்டது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சாந்தலாலுக்கு முந்தைய படியான சாந்தலீனை நுண்ணுயிர் எளிதாகச் செய்துவிடும், அதன்மேல் ஓர் ஆக்சிஜனைச் சரியான பக்கத்தில் ஏற்றும் படிதான் கடினம். பக்கம் மாறியவை அதிகமானால் பால்மணம் குறைகிறது. விற்பவரிடம் வடிவ விகிதத்தைக் கேளுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீண் போட்டி

மென்தாலுக்கு மரபணு ஈஸ்ட் தேடாதீர்கள். மென்தாலின் ஒரே சரியான கைவாகைத் தேர்ந்து செய்யும் உலை முறை ஜப்பானின் டகசாகோ நிறுவனத்தில் ஏற்கெனவே ஓடுகிறது. அந்த வேதியியலுக்காக ஜப்பானிய வேதியியலாளர் நொயோரி 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்னொரு பக்கம் புதினா வயல்கள். இரண்டுக்கும் நடுவில் ஈஸ்ட்டுக்கு நிற்க இடமில்லை. லிமோனீனும் அப்படியே: ஆரஞ்சுச் சாறு பிழியும்போது தோலிலிருந்து தானாக வரும் பொருளோடு எதுவும் விலையில் மோத முடியாது. மேலும் இந்த 10 கார்பன் குடும்பம் ஈஸ்ட்டின் சவ்வையே கரைத்துக் கொல்லும், கலனுக்குள் ஊதும் காற்றோடு ஆவியாகியும் போகும். விதிவிலக்காக ஒரு சலுகை மட்டும் உண்டு. செடி எண்ணெயில் கூடவே வரும் தொல்லைகள், ரோஜாவின் மெத்தில் யூஜினால், பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின், வெயில்பட்டால் தோலை எரிக்கும் பெர்காப்டென் போன்றவை, நொதிகலனில் வராது. குழந்தைகளுக்கான பொருளுக்கு இது ஒரு வாதமாக இருக்கலாம்.

'இயற்கை' என்று எழுதலாமா?

உணவுச் சுவை என்றால் விடை ஓரளவு தெளிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1334/2008 ஒழுங்குமுறை, இயற்கையில் காணப்படும் பொருளை நொதிகளாலோ நுண்ணுயிர்களாலோ செய்தாலும் இயற்கைச் சுவைப்பொருள் என்று ஏற்கிறது. ஆனால் 'இயற்கை வனிலாச் சுவை' என்று செடியின் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் 95 சதவீதம் அந்தச் செடியிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஆக, ஈஸ்ட் உங்களுக்கு 'இயற்கை' என்ற சொல்லைத் தரலாம், 'வனிலா' என்ற சொல்லைத் தராது. பானத்தின் முகப்பில் வனிலாப் பூப்படம் போட நினைக்கும் வடிவமைப்பாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்கானிக் சான்று உங்கள் பொருளின் உயிர்நாடி என்றால் கதவு மூடியதாகவே கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் ஆர்கானிக் விதிகளும் அழகுப் பொருள்களுக்கான காஸ்மோஸ் தரமும் மரபணு மாற்ற முறைகளை விலக்கியே வைத்திருக்கின்றன.

மூலத்தை மறைத்து எழுதினாலும் கார்பன் காட்டிக்கொடுக்கும். செடியில் இருக்கும் கதிரியக்கக் கார்பன்-14 பெட்ரோலிய வனிலினில் இல்லை. வனிலாக் கொடி, நெல், கரும்பு மூன்றும் கரியமில வாயுவைப் பிடிக்கும் விதம் வேறுவேறு என்பதால், அவற்றின் கார்பன்-13 விகிதமும் வேறுவேறு. ஆய்வகத்தில் ஒரு துளி போதும்.

நாளைக்கும் இருப்பாரா?

தொழில்நுட்பம் சரி, விற்பவர் நிலைப்பாரா என்பது தனிக் கேள்வி. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை ஈஸ்ட்டின் உதவியோடு செய்யும் ஆலையை சனோஃபி 2013இல் இத்தாலியில் ஓடவிட்டது. அறிவியல் பிரமாதம். ஆனால் அதே காலத்தில் செடி ஆர்ட்டிமிசினின் விலை கிலோ 250 டாலருக்குக் கீழ் இறங்கிவிட்டது. ஈஸ்ட் சரக்கு 350க்குக் கீழ் வரவில்லை. 2016இல் ஆலையை விற்றுவிட்டார்கள். விவசாயி தன் விலையை அடுத்த பருவத்திலேயே குறைக்க முடியும், நொதிகலன் கட்டியவரால் கடனைக் குறைக்க முடியாது. வாசனையிலும் இதே கதைதான்: அமைரிஸ் 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கேட்டது, எவோல்வா அதே ஆண்டு இறுதியில் தன் தொழிலைக் கனடாவின் ஈஸ்ட் நிறுவனமான லல்லமாண்டிடம் விற்றது. மூலக்கூறுகள் சந்தையில் தொடரலாம், ஆனால் இடையில் உங்கள் ஆர்டர் எங்கே நிற்கும்?

ஆகவே ஒரே நிறுவனத்தின் காப்புரிமையில் அடைபட்ட பொருளைச் சுற்றி உங்கள் முதன்மை நறுமணத்தைக் கட்டாதீர்கள். ஆம்ப்ராக்ஸைடு போல மூன்று வழியில் கிடைப்பது என்றால் தாராளமாகக் கட்டலாம். கிளியர்வுட் போன்றது என்றால், அது இல்லாமலும் நிற்கும் மாற்றுச் சூத்திரம் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி கேட்கும்போது ஒரே தொகுதியிலிருந்து வாங்காமல், சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு தொகுதிகளைக் கேளுங்கள். சோதனைத் தாளில் தொட்டவுடன் முகர்வதோடு விடாமல் மறுநாள் காலையிலும் முகருங்கள். நொதிகலனிலிருந்து சரியாகச் சுத்தம் செய்யாமல் வந்த சரக்கில், மேல்மணம் பறந்தபின் அடியில் லேசாகப் புளித்த மாவின் வாடை தங்கியிருக்கும்; இரண்டு தொகுதிகளில் ஒன்றில் அது இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், விலைப்பட்டியலைத் திறக்கும் முன் சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.